ஷாக் கொடுத்த ஷாக்கப்சர்!

வீட்டில் ஒரு பையன் மெக்கானிக்கல் படிக்கிறான் என்றால், மிக்ஸி ஓடாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஃபேன் சத்தம் போட்டாலும் அவன்தான். 'அது எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட்டும்மா'ன்னு சொல்லிப் பாருங்க... 'அப்புறம் எதுக்குடா இவ்வளவு ஃபீஸ்?'னு பதில் வரும். உங்க வீட்டிலும் இதே கதைதானே? அப்படி என்கிட்டே வந்த ஒரு கேஸ்தான் இந்த வாரம். அதில் நான் வாங்கிய பல்பு அறுபது வாட்ஸ் இல்லை பாஸ், ஆயிரம் வாட்ஸ்!

என் மாமா குடியிருப்பது கொல்லிமலையில். மிளகும் காபியும் வாங்கி நாமக்கல்லுக்குக் கொண்டுவந்து விற்கிறார். வண்டி, ஒரு பொலிரோ. காரவள்ளியில் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதுகூடப் பரவாயில்லை, தார் ரோடு. மேலே ஏறி, மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்து மாமா வீட்டுக்குப் போகும் கடைசி நாலு கிலோமீட்டர் இருக்கே, அதை ரோடுன்னு சொன்னா ரோட்டுக்கே கோபம் வரும். ஜல்லி, பள்ளம், மழைத்தண்ணி அறுத்துவிட்ட ஓடை... எல்லாம் வரிசையாக வந்து ஹலோ சொல்லும்.

வீட்டில் என் அம்மாயி இருக்கிறார். வயசு 74. இடுப்பு வலி, சுகர், பிரஷர் மூன்றும் உண்டு. மாசம் ஒரு தடவை நாமக்கல் வந்து டாக்டரைப் பார்த்தே ஆகணும். அந்தப் பயணத்துக்கு இருக்கிற ஒரே வாகனம் மாமாவின் பொலிரோதான்.

வண்டி 90 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியதும், ஒரு பள்ளத்தில் இறங்கினால் நாலு தடவை குதித்துவிட்டுத்தான் அடங்கும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டது. பின்பக்கம் ஒரு ஷாக்கப்சரில் எண்ணெய் கசிவு வேற. மாமா போன் போட்டார். "மாப்ளே, நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே, எந்த ஷாக்கப்சர் போடலாம்னு பார்த்துச் சொல்லு."

நான் பார்த்தேன். ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். 'ஹெவி டியூட்டி', 'ஆஃப் ரோடு ஸ்பெஷல்', 'ஹை பிரஷர் கேஸ்' என்று போட்டிருந்த ஒரு செட் கண்ணில் பட்டது. ரோடு மோசம், அதனால் ஷாக்கப்சர் ஸ்ட்ராங்கா இருக்கணும். லாஜிக் கரெக்ட்தானே? ஒரிஜினல் செட்டைப் போல ரெண்டு மடங்கு விலை. மாமா யோசிக்காமல் வாங்கி மாட்டிவிட்டார். 'மாப்ளே சொல்லிட்டான்ல' என்ற ஒரே நம்பிக்கை.

முதல் ட்ரிப் முடிந்து அம்மாயி இறங்கினார். ஒண்ணும் சொல்லலை. அடுத்த மாசம் மாமா மட்டும் தனியா வந்தார், கையில் மருந்துச் சீட்டோடு. "அம்மா வரலைன்னுடுச்சு மாப்ளே. மாத்திரையை மட்டும் வாங்கிட்டு வரச் சொல்லுச்சு." ஆளைப் பார்க்காமல், ரத்தம் டெஸ்ட் பண்ணாமல் எப்படி டோஸ் எழுதறதுன்னு டாக்டர் கோபப்பட்டாராம். அதற்கடுத்த மாசமும் இதே கதை. வண்டி அப்படித் தூக்கிப் போட்டிருக்கு. பேரன் மனசு நோகும்னு அம்மாயி என்கிட்டே வாயே திறக்கலை.

எனக்கு அரியர் வந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கலாம். அம்மாயியின் ரெண்டு மாச செக்கப்பை எந்த செமஸ்டரில் எழுதறது?

லாரிப் பட்டறையில் ஒரு வைவா

நாமக்கல்லுக்கு முட்டை ஒரு அடையாளம் என்றால், இன்னொரு அடையாளம் லாரி. பாடி கட்டுகிற பட்டறைகளும், லாரியின் ஒவ்வொரு நட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் மெக்கானிக்குகளும் இங்கே உண்டு. அப்படி ஓர் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஏன் தம்பி, வண்டி வெயிட்டைத் தாங்கறது எது?"

"ஷாக்கப்சர்ணா."

"சரியாப் போச்சு. நீ எந்த காலேஜு?"

காலேஜ் மானம் கருதிப் பதில் சொல்லவில்லை. ஆனால், உங்களில் பாதிப்பேர் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பீங்க. உண்மை என்னன்னா, வெயிட்டைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வதும் ஸ்பிரிங்தான். அடி வாங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்குமா? மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கப்சரின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன், சுற்றிலும் எண்ணெய். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சின்னச் சின்ன வால்வு ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போகணும். அந்தத் தடையில், ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியே போய்விடும். கரடு ரோட்டில் ஓட்டி முடித்ததும் தொட்டுப் பாருங்க, சூடு தெரியும். (ஜாக்கிரதை, நல்லாவே சுடும்!)

குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்க. ஆட்டம் மெதுவாக இருந்தால் தூக்கம் வரும். படபடவென்று உலுக்கினால் அழுகை வரும். சொகுசான வண்டியில் பாடி நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை ஆடுகிற மாதிரிதான் ஸ்பிரிங்கை அமைப்பார்கள். உட்கார்ந்திருக்கும் மனுஷ உடம்புக்கு ஆகவே ஆகாதது நொடிக்கு 4 முதல் 8 தடவை வருகிற மேல்-கீழ் அதிர்வு. உடம்பு வாங்கும் அதிர்வை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ 2631 தரத்தில், செங்குத்து அதிர்வுக்கு அதிக வெயிட்டேஜ் கிடைப்பதும் இந்த ஏரியாவுக்குத்தான். ஷாக்கப்சர் தேய்ந்தால் தூளி நிற்காமல் ஆடும். ரொம்ப இறுகினால் தூளியே ஆடாது, ரோட்டின் படபடப்பு நேரா இடுப்புக்கு வரும். நான் மாற்றிக் கொடுத்தது இந்த ரெண்டாவது ரகம்.

ஹார்டு ஏன் சொதப்பியது?

வைப்ரேஷன் சாப்டரில் 'டேம்பிங் ரேஷியோ'ன்னு ஒண்ணு படிச்சிருப்பீங்க. பூஜ்யம்னா ஆடிக்கிட்டே இருக்கும். ஒன்றுன்னா ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வந்து நிற்கும். சொகுசைக் குறிவைக்கும் வண்டிகளில் இது 0.2, 0.3 பக்கம்தான் இருக்கும். அதாவது, கொஞ்சம் ஆடவிட்டால்தான் சுகம்!

இந்த ரேஷியோ வண்டியின் வெயிட்டைப் பொறுத்து மாறும். ஒரு பின்சக்கரத்தின் மேல் காலி வண்டியில் 300 கிலோ, மூட்டை ஏற்றினால் 450 கிலோன்னு வச்சுக்கோங்க. அதே ஸ்பிரிங், அதே ஷாக்கப்சர். ஆனால் லோடு ஏறியதும் ரேஷியோ சுமார் 18 சதவிகிதம் குறையும். ஃபார்முலாவில் மாஸ், ரூட்டுக்குள்ளே கீழே உட்கார்ந்திருக்கே, அதனால்தான். நான் வாங்கியது இரும்பு பம்பர், கேரியர், எந்நேரமும் ஃபுல் லோடு என்று ஓடும் வண்டிக்கான செட். அம்மாயியை ஏற்றி வருகிற நாளில் மாமாவின் வண்டி கிட்டத்தட்ட காலி!

இன்னொரு மேட்டர். ஷாக்கப்சர், ஸ்பிரிங் அமுங்கும்போதும் பிடிக்கும், விரியும்போதும் பிடிக்கும். விரியும்போதுதான் பொதுவாகப் பிடிப்பு அதிகம். அது ஓவராகிவிட்டால், முதல் கல்லில் அமுங்கிய ஸ்பிரிங் முழுசாக விரிவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். மறுபடி அமுங்கும். இப்படிப் பத்துக் கல் தாண்டுவதற்குள் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்து, கடைசியில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் 'டொம்'மென்று இடிக்கும். ஒரே ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்கி டெஸ்ட் பண்ணினால் இது தெரியவே தெரியாது. ஜல்லி ரோட்டில் அரை கிலோமீட்டர் ஓட்டணும்.

வாங்கப் போறீங்களா? இதைப் படிங்க!

அண்ணன் சொன்னதையும், அப்புறம் நான் ஒழுங்காகப் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன். கட் பண்ணி வச்சுக்கோங்க.

1. முதலில் டயர். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். மாமா லோடு கணக்கைவிட அதிகமாக அடைத்து வைத்திருந்தார். அண்ணன் ஸ்டிக்கர் கணக்குக்கு இறக்கியதுமே கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது, செலவு பூஜ்யம்! 'இன்னும் மெத்துனு இருக்கட்டும்'னு அதற்குக் கீழே இறக்காதீங்க, டயருக்கு ஆபத்து. ஸ்டைலுக்காகப் பெரிய அலாய் வீலும் ஒல்லி டயரும் மாட்டினால் எந்த ஷாக்கப்சராலும் காப்பாற்ற முடியாது.

2. அடுத்து ஸ்பிரிங்கும் புஷ்ஷும். பொலிரோவுக்குப் பின்னாடி லீஃப் ஸ்பிரிங். பிளேட்டுகளுக்கு நடுவே துருவும் மண்ணும் சேர்ந்தால், ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் இறுகிவிடும். சின்னக் கல்லுக்குக்கூட ஸ்பிரிங் அசையாது. புது தார், ஸ்கார்ப்பியோ-என் மாதிரி பின்னாடியும் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை கிடையாது. ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், சத்தம் என்னமோ ஷாக்கப்சர் சத்தம் மாதிரியே கேட்கும். ஏமாறாதீங்க.

3. ஷாக்கப்சர் போயிருச்சான்னு எப்படித் தெரியும்? உடம்பில் எண்ணெய் வழிந்த தடம், டயரில் திட்டுத் திட்டாகத் தேய்மானம், பிரேக் போட்டால் மூக்கு குத்துவது, ஒரு பள்ளத்துக்குப் பல ஆட்டம். மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் டெஸ்ட், கெட்டியான ஸ்பிரிங் உள்ள எஸ்.யூ.வி-க்களில் முழுசாகச் சொல்லாது. ஓட்டித்தான் பார்க்கணும்.

4. ட்வின் ட்யூபா, மோனோ ட்யூபா? ட்வின் ட்யூப் என்றால் குழாய்க்குள் குழாய். மெதுவாகப் போகும் குடும்ப வண்டிக்கு, குறைந்த அழுத்த கேஸ் உள்ள ட்வின் ட்யூப் போதும். அந்த கேஸ், எண்ணெய் நுரைக்காமல் பார்த்துக்கொள்ளும். நுரைத்த எண்ணெய் பிஸ்டனைப் பிடிக்காது. மோனோ ட்யூபில் ஒரே குழாய், எண்ணெய்க்கும் அதிக அழுத்த நைட்ரஜனுக்கும் நடுவே மிதக்கும் பிஸ்டன். 1950-களில் பிரெஞ்சு இன்ஜினீயர் டி கார்போன் கொண்டுவந்த வடிவம். சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், மணிக்கணக்கில் கரடு ரோட்டில் வேகமாக விரட்டுபவர்களுக்கு நல்லது. ஆனால், கல் பட்டுக் குழாய் நெளிந்தால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும்.

5. எதற்கான செட் என்று கேளுங்க. வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீங்க. 'ஸ்பிரிங் ஒரிஜினல், லிஃப்ட் பண்ணலை, வழக்கமா மூணு பேர், கூட ரெண்டு மூட்டை' என்று முழுசாகச் சொல்லுங்க. லிஃப்ட் பண்ணிய வண்டிக்கான நீளமான ஷாக்கப்சரைச் சாதா வண்டியில் போட்டால், பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன்பே அது உள்ளுக்குள் அடித்து உடையும்.

6. ஜோடியாக மாற்றுங்க. முன்னாடி ரெண்டும் ஒன்றாக, பின்னாடி ரெண்டும் ஒன்றாக. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா வண்டி ஒரு பக்கமாக ஆடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தரையில் நின்று வண்டி தன் வெயிட்டில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்கணும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

7. சீட்டையும் பாருங்க. முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் சீட்டில்தான் ஆட்டம் குறைவு. பின் சக்கரத்துக்கு மேலே, அதற்குப் பின்னே உட்கார்ந்தால் தூக்கிப் போடுவது அதிகம். வயசானவர்களையும் கர்ப்பிணிகளையும் கடைசி சீட்டில் ஏற்றாதீங்க, ப்ளீஸ்.

க்ளைமாக்ஸ்

அண்ணன் லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றிச் சுத்தம் பண்ணினார். கிழிந்திருந்த புஷ்களை மாற்றினார். கம்பெனி அளவிலேயே சாதாரண ட்வின் ட்யூப் செட் மாட்டினார். மாமாவின் அந்த காஸ்ட்லி செட்டை, கேரியரும் இரும்பு பம்பருமாக எப்பவும் ஃபுல் லோடில் ஓடும் இன்னொரு பொலிரோக்காரர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். அவருக்கு அது சூப்பராகச் செட்டாகிவிட்டதாம். ஆக, சரக்கு மேல தப்பில்லை. தேர்ந்தெடுத்த ஆள் மேலதான்!

மீதிப் பாதிப் பணம் போனது போனதுதான். மாமா இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

போன மாசம் நானே மேலே போனேன். அம்மாயி வருவதற்குத் தயங்கினார். "ஒரே ஒரு தடவை வாங்க அம்மாயி, வலிச்சா பாதியில திரும்பிடலாம்"னு கெஞ்சிக் கூட்டி வந்தேன். நடு சீட்டில் அவர், பக்கத்தில் நான். மாமா அந்த நாலு கிலோமீட்டரை உருட்டிக்கொண்டே வந்தார். எப்போதும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்து வரும் அம்மாயியின் கை, பாதி வழியில் கம்பியை விட்டுவிட்டு, மடியில் இருந்த வெத்தலைப் பையைத் துழாவ ஆரம்பித்தது. தார் ரோடு வந்ததும் சொன்னார்:

"இப்பத்தான் சாமி, வண்டி வண்டியாட்டம் இருக்குது."

அன்றைக்கு ரத்தம் டெஸ்ட் எடுத்து, டாக்டர் சுகர் மாத்திரையை மாற்றி எழுதினார். ரெண்டு மாசம் தள்ளிப்போன மாற்றம் அது.

ரெண்டு நாள் உட்கார்ந்து கேட்டலாக் பார்த்தேனே, ரெண்டு நிமிஷம் அம்மாயிகிட்டே பேசியிருந்தால் போதும். எந்த இடத்தில் தூக்கிப் போடுது, எங்கே வலிக்குது, எந்த சீட்டில் உட்காருறீங்கன்னு மூணு கேள்வி. அதைக் கேட்காமலே டிசைன் பண்ணக் கிளம்பிட்டேன். உங்க வீட்டு வண்டியில் ஷாக்கப்சர் மாற்றும் யோசனை இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்னாடி பின் சீட்டில் உட்கார்கிற ஆளைக் கேளுங்க. இல்லைன்னா, நீங்களே அந்த சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து போய்ப் பாருங்க.

அடுத்த வாரம் பார்க்கலாமா மக்களே? இப்போதைக்கு எஸ்கேப். வைப்ரேஷன் சாப்டரில் நாளைக்கு இன்டர்னல் டெஸ்ட் இருக்கு!