பத்து சதவிகிதம் வரை பாவமில்லை!

டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால், அவரைச் சுற்றி நடக்கும் பேச்சைக் கவனியுங்கள். 'என்னப்பா கண்டுபிடிச்சே?' என்று யாரும் கேட்பதில்லை. 'எத்தனை பர்சன்ட் வந்தது?' என்றுதான் கேட்கிறார்கள். அது மார்க் அல்ல சார், காப்பியின் அளவு!

2018ல் பல்கலைக்கழக மானியக் குழு போட்ட விதி இது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவிகிதம் வரை என்றால் தண்டனை கிடையாது. 40 வரை போனால், ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கலாம். 60 வரை போனால், ஒரு வருடம் கொடுக்க முடியாது. அதற்கும் மேலே போனால்தான் பதிவு ரத்து. முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோள்களையும் பொதுவான சொற்களையும் கழித்த பிறகுதான் இந்தக் கணக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

விதியே இல்லாததற்கு இது மேல்தான். ஆனால் கம்ப்யூட்டர் தேடுவது வார்த்தைகளை. 'மழை பெய்தது' என்பதை 'மாரி பொழிந்தது' என்று மாற்றிவிட்டால் அது ஏமாந்துவிடும். காசு கொடுத்து இன்னொருவரை எழுத வைத்தாலும் ஏமாறும். வீட்டில் உட்கார்ந்து புள்ளிவிவரத்தைக் கற்பனையாக எழுதினால்? கற்பனை சொந்தச் சரக்கு அல்லவா, காப்பி பூஜ்யம் சதவிகிதம்!

நெதர்லாந்தில் டீடரிக் ஸ்டாபெல் என்று ஒரு சமூக உளவியல் பேராசிரியர். டில்பர்க் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். அவர் நடத்தியதாகச் சொன்ன பல ஆய்வுகள் நடக்கவே இல்லை. எண்களை அவரே உட்கார்ந்து எழுதினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் பொய் என்று விசாரணையில் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, அவரை நம்பிய மாணவர்கள் பத்துப் பேரின் டாக்டர் பட்ட ஆய்வேடுகளிலும் அவர் கொடுத்த பொய்த் தகவல்கள் இருந்தன.

2011ல் அவரைப் பிடித்துக் கொடுத்தது எந்த சாஃப்ட்வேரும் இல்லை. அவருடைய துறையிலேயே இருந்த மூன்று இளம் ஆய்வாளர்கள். எண்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னார்கள். விசாரணை நடந்தது, பேராசிரியர் வேலை போனது.

இங்கே அப்படி ஒரு மாணவர் வாய் திறப்பாரா? உதவித்தொகைக்கு கைடு கையெழுத்து வேண்டும். ஆய்வேட்டைக் கொடுக்கவும் அதே கையெழுத்து வேண்டும். அதே 2018 விதிப்படி காப்பிப் புகாரைத் துறை அளவில் விசாரிக்கும் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? துறைத் தலைவர். பல இடங்களில் கைடும் அவரும் பக்கத்துப் பக்கத்து அறை. சில இடங்களில் இரண்டு பேரும் ஒருவரே. எந்தப் பிள்ளை ஐந்து வருட உழைப்பைப் பணயம் வைத்துப் புகார் எழுதும்?

இதனால் நஷ்டம் யாருக்கு? நேர்மையாக ஊர் ஊராக அலைந்து தகவல் சேகரித்து ஆறு வருடம் இழுத்தவருக்கு. அவர் முடிப்பதற்குள், கடையில் வாங்கியவர் 'டாக்டர்' ஆகி இன்டர்வியூவில் முந்திவிடுகிறார். அப்புறம் நீங்கள் ஃபீஸ் கட்டி அனுப்பும் உங்கள் பிள்ளைக்கு அவர்தான் பாடம் நடத்துகிறார்.

மூன்று காரியங்கள் போதும். புகார் வந்தால் துறைக்கு வெளியே இருப்பவர்கள் விசாரிக்கட்டும். புகார் கொடுத்த மாணவருக்கு உடனே வேறு கைடு கொடுக்கட்டும். வாய்மொழித் தேர்வுக்கு ஆய்வேட்டோடு மூலக் குறிப்பேடுகளும் மேஜைக்கு வரட்டும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். நம் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வு பொதுவாக எல்லோருக்கும் திறந்தது. ஆனால் பல இடங்களில் அது பொன்னாடை, குரூப் போட்டோ, மாணவர் செலவில் மதியச் சாப்பாடு என்று கல்யாண வீடு மாதிரி முடிந்துவிடுகிறது. ஒருநாள் போய் உட்காருங்கள். எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த எண்களை எங்கே, எப்போது, யாரிடமிருந்து எடுத்தீங்க?'

உழைத்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். உழைக்காதவர் கைடு முகத்தைப் பார்ப்பார்.