‘டூ’ மொழியற்ற படமா?

சத்யஜித் ராய் 1964இல் எடுத்த ‘டூ’ என்னும் குறும்படத்தைப் பாராட்டுவோர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கின்றனர்: வசனமே இல்லை, ஆகவே உலகப் பொதுமொழியில் பேசுகிறது. குழந்தைமைக்கு மொழி தேவையில்லை என்ற உபதேசமும் தவறாமல் பின்தொடர்கிறது. அப்படத்தைப் பார்க்காமலிருக்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது.

எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவில், அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக உருவான படம் அது. ராயிடம் கேட்கப்பட்டது வங்காளப் பின்னணியில் ஓர் ஆங்கிலப் படம். அவர் கொடுத்ததோ யாரும் வாய்திறந்து பேசாத படம். மௌனப் படங்கள்மீது அவருக்கிருந்த பற்று காரணமாகச் சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆயினும் கேட்கப்பட்ட அந்த ஆங்கிலத்தை யார் பேசியிருப்பார் என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை.

மாளிகைச் சன்னலில் கோக்கோ கோலாவும் கையுமாக ஒரு சிறுவன். கீழே வெட்டவெளியில், குடிசையருகே, புல்லாங்குழலுடன் இன்னொருவன். ஆங்கிலம் முன்னவனின் வீட்டுப் பொருட்களுள் ஒன்றாக இருந்திருக்கும். பின்னவன் அதைப் பேசினால் பொய். பேசாமல் நின்றால் ஊமை. போட்டி தொடங்குமுன்பே தீர்ப்பாகியிருக்கும்.

சொல் விலகியதால்தான் இருவரும் சற்று நேரம் சமமாக நிற்கின்றனர். பெரியவர்கள் குறுக்கிடாத, கனவு போன்ற பொழுது அது. குழலுக்கு விளையாட்டு ஊதுகொம்பு மறுமொழி. பறைக்குக் கொட்டடிக்கும் பொம்மைக் குரங்கு. முகமூடிக்கும் ஈட்டிக்கும் வேறு முகமூடியும் வாளும் துப்பாக்கியும். ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்கும் உரையாடல் முறைமை இங்கே பிசகாமல் நடக்கிறது. இதை மொழியற்றது என்பவருக்கு மொழி என்பது அகராதி மட்டுமே.

அந்த முறைமை முறிவதும் கண்ணெதிரே நிகழ்கிறது. பட்டம் மேலே எழுகிறது. அதற்கு விடையாகக் காட்ட மாளிகைச் சிறுவனிடம் ஒன்றுமில்லை. உண்டிவில் தவறுகிறது, காற்றுத்துப்பாக்கி தவறவில்லை. பதில் இல்லாதவன் சுடுகிறான். பொதுமொழி பேசுவோர் இவ்விடத்தை மட்டும் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

இறுதியில் பொம்மைகளின் இரைச்சலுக்கு மேலே மீண்டும் குழலோசை கேட்கிறது. இயந்திர மனிதன் நடந்துபோய்க் கட்டைக் கோபுரத்தைச் சாய்க்கிறது. உடனே, எளிமை வென்றது என்று நீதி எழுதிவிடுகிறார்கள். (பிள்ளைகளுக்குப் படம் காட்டிய கையோடு ‘இதன் நீதி யாது’ என்று கேட்கும் நம் பழக்கம் எளிதில் போகாது.) குடிசைச் சிறுவன் குழலை எடுத்தது வென்றதனால் அன்று. பட்டம் கிழிந்துவிட்டது, அவனிடம் மிச்சமிருந்தது அதுதான்.