அட்டைக் கிரீடம்

அக்கா மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது. 'பிரின்சஸ் பர்த்டே' வேண்டுமாம். ரோஸ் கலர் கவுன், கிரீடம், கோட்டை மாதிரி கேக், வாசலில் ஃபிளெக்ஸ். தாய்மாமன் என்பதால் கவுனும் கிரீடமும் என் பொறுப்பு.

சாதியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் சும்மா இருப்பேனா? "இளவரசின்னா பொறப்பால வர்ற உசத்தி. சாதியும் அதானேக்கா?" என்று ஆரம்பித்தேன். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம்னு கழட்டி வைக்கிறதுக்கும் மொதல்ல அது தலையில ஏறியிருக்கணும்டா."

என்னிடம் பதில் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்ததை ஜே.எச்.ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. 1931இல் தடைகள் பதினொன்றாயின; பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது. என் ஆய்வேட்டில் இது ஓர் அடிக்குறிப்பு. எங்கள் பாட்டி பிறந்த காலம் அது. அந்த வரலாற்றிலிருந்து வரும் பிள்ளை ஜிகினா கவுன் கேட்டால், அதை வெறும் நுகர்வு மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. எதுவும் மறுக்கப்படாதவர்களுக்கு எளிமையைப் போதிப்பது சுலபம்.

ஆனால், ஸ்டுடியோவிலிருந்து ஃபிளெக்ஸ் டிசைன் வந்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. பாப்பாவின் முகத்தை வெளுக்க வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "இதுல நான் அழகா இருக்கேன்ல மாமா?"

டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' வந்தது 1937இல். பெயரிலேயே தோல் நிறம். அந்நிறுவனத்தின் படத்தில் ஒரு கறுப்பின இளவரசி, டியானா, வருவதற்கு 2009 ஆனது. பழியை அங்கே மட்டும் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. 'பொண்ணு நல்ல கலர்' என்றால் சிவப்பு என்று மட்டுமே பொருள் கொள்ளும் சமூகம் நம்முடையது.

தோழர்களே, பிள்ளையிடமிருந்து கிரீடத்தைப் பிடுங்க வேண்டாம். கிரீடத்தோடு சேர்ந்து வரும் இரண்டு பொய்களைப் பிடுங்குவோம். வெளுத்தால்தான் அழகு என்பது ஒன்று. ஒருத்தி உயர, மற்றவர்கள் கீழே நிற்க வேண்டும் என்பது இன்னொன்று.

ஸ்டுடியோக்காரரிடம் அசல் நிறத்திலேயே அச்சடிக்கச் சொன்னேன். "டல்லா இருக்கும் சார்" என்றார். இருக்கட்டும் என்றேன். தங்க நிற அட்டை வாங்கி, அக்காவும் நானும் இருபது கிரீடங்கள் வெட்டிக்கொண்டிருக்கிறோம். தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்று, பையன்களுக்கும் உண்டு. எல்லார் தலையிலும் கிரீடம் இருந்தால் அங்கே யாருக்கும் யாரும் குடிமக்கள் இல்லை.

பாப்பாவுக்குத்தான் இதில் உடன்பாடில்லை. "அப்போ நான் மட்டும் பிரின்சஸ் இல்லையா?" என்றாள். பிறந்தநாள் உனக்கு, கேக்கை வெட்டப் போவதும் நீ, கிரீடம் மட்டும் எல்லாருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சரி மாமா. ஆனா என்னோடது கொஞ்சூண்டு பெருசா இருக்கணும்."

பேச்சுவார்த்தை தொடர்கிறது.