கவுண்டர் பாஸ்வர்ட்: எங்கள் கருத்து

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். திருவிழா மூன்றாம் நாள் உபயப் பிரச்சினையைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஆளுக்கொன்று பேசிக்கிட்டு இருக்காங்க. தொண்டூழியர்கள் நாங்களும் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாம் நாள், தோட்டக் காலத்தில் இருந்தே ஸ்டோர்க்காரங்க உபயம். தோட்டத்தை வித்து, லயத்தை இடிச்சு, தாமான் வந்த பிறகும் அந்தக் குடும்பங்கள் ஈப்போவில் இருந்தும் கிள்ளானில் இருந்தும் வந்து விடாமல் செய்யுறாங்க. இந்த வருஷம் கம்ப்யூட்டரில் பார்த்தால் அவங்க பதிவையே காணோம். வேறு பேர் இருக்கு. சந்நிதி முன்னாலேயே சத்தம். கடைசியில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பிள்ளை மேல் பழி விழுந்தது. ஃபோர்ம் சிக்ஸ் படிக்கிற பிள்ளை, ஒரு காசு வாங்காமல் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்த பிள்ளை. அன்றைக்கு அழுதுகிட்டே போனது, இன்னும் கோயில் பக்கம் வரவில்லை.

யார் மாற்றினது என்று நாங்கள் தேடினோம். நம் கோயிலில் இருப்பது, பெக்டரிகளில் மெஷின் ரிப்பேர் புகாருக்கு வைத்திருக்கிற மாதிரி ஒரு சர்வீஸ் டெஸ்க் சாப்ட்வேர். உபயம், மண்டபம், லைட் எரியலை, பைப் ஒழுகுது, எல்லாமே அதில் ஒரு டிக்கெட். யார், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார் என்று அதுவே எழுதி வைக்கும். திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரே பேர்தான்: "கவுண்டர்".

ஏனென்றால் நமக்கு இருப்பது ஒரே ஐடி, ஒரே பாஸ்வர்ட். அதுவும் மேசை இழுப்பறைக்குள்ளே தாளில் எழுதி ஒட்டியிருக்கு. அது யார் யாருக்குத் தெரியும் என்று விரல் விட்டு எண்ணினோம். 14 பேர். அதில் மூன்று பேர் இப்போது நிர்வாகத்திலேயே இல்லை, ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை செய்யவில்லை என்று நிரூபிக்க நம்மிடம் எந்த வழியும் இல்லை. எங்களுக்கு மனசு உறுத்துவது அதுதான்.

எங்க பெக்டரியில் எப்படி என்றால், ஆப்பரேட்டர் டிக்கெட் திறக்கலாம், அவ்வளவுதான். டெக்னீஷியன் என்ன ரிப்பேர் செய்தார் என்று எழுதலாம். மூடுவது சூப்பர்வைசர். அழிக்கிற அனுமதி சூப்பர்வைசருக்கும் கிடையாது. ஆரம்பத்தில் எங்களுக்கே அது எரிச்சலாக இருந்தது, இத்தனை வருஷம் வேலை செய்தவனுக்கு இதுகூடவா இல்லை என்று. ஒருதடவை ஒரு டிக்கெட் காணாமல் போய் பெரிய விசாரணை வந்தபோதுதான் புரிந்தது. எங்க பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. அழிக்கவே முடியாதவனை எப்படிச் சந்தேகப்படுவார்கள்?

"கோயிலில் எல்லாம் நம்ம ஆளுங்கதானே, நம்பிக்கை இல்லையா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தோட்டத்தில் உண்டியலுக்கு ரெண்டு பூட்டு இருந்ததை அதே பெரியவர்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள். ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று பொருளாளரிடம். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். தலைவரைத் திருடன் என்று நினைத்தா அப்படி வைத்தார்கள்?

சாவி யாரிடம் இருக்கிறது என்று கணக்கு இல்லாமல் போனால் எவ்வளவு பெரிய கோயிலும் தடுமாறும். ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் ஆலயத்தின் ரத்ன பண்டாரை 2018 ஏப்ரலில் பார்வையிடப் போனபோது உள் அறைச் சாவியைக் காணவில்லை என்று தெரிந்து நாடே பேசியது. பிறகு டூப்ளிகேட் சாவி கிடைத்தது என்றார்கள். 2024 ஜூலையில் திறக்கப் போனால் அந்தச் சாவியும் சேரவில்லை, பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார்கள்.

இந்தக் காலத்துப் பூட்டு கம்ப்யூட்டருக்குள் இருக்கு. 2020 ஜூலையில் ட்விட்டரில் ஒபாமா, பில் கேட்ஸ் கணக்குகளையே பிடித்துக்கொண்டு மோசடி செய்தார்களே, ஞாபகம் இருக்கா? அந்தக் கம்பெனி ஊழியர்களுக்கு போன் போட்டு ஏமாற்றி, வாடிக்கையாளர் கணக்குகளைச் சரிசெய்ய உள்ளே வைத்திருந்த டூலுக்குள் நுழைந்துவிட்டார்கள். குறி வைத்தது 130 கணக்குகளை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. நம் சிஸ்டத்தில் உங்கள் போன் நம்பர், வீட்டு விலாசம், பிள்ளைகளின் நட்சத்திரம், ராசி எல்லாம் இருக்கு. இழுப்பறையைத் திறந்தவர் யாரும் பார்க்கலாம்.

புது நிர்வாகம் வந்தால் பேங்கில் கையெழுத்தை உடனே மாற்றுகிறோம். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்குப் பேர்ப்பட்டியல் அனுப்புகிறோம், 1966 சங்கச் சட்டம் அப்படிச் சொல்வதால். கம்ப்யூட்டரில் மட்டும் பழைய பாஸ்வர்ட் அப்படியே கிடக்கும். ஃபேஸ்புக் பக்கமும் இதே கதைதான். முழு அனுமதி உள்ள ஒருவர் நினைத்தால் மற்ற எல்லாரையும் நீக்கிவிட முடியும். அந்த அனுமதி இப்போது நம்மில் எத்தனை பேரிடம் இருக்கு என்று நிர்வாகத்தையே கேட்டுப் பாருங்கள்.

ஒரு உண்மையையும் சொல்லணும். ஒரே ஐடி வைத்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, காசு. இந்த சாப்ட்வேருக்கு ஆள் கணக்கில் மாதக் கட்டணம். அன்னதானத்துக்கே கணக்குப் பார்க்கிற கோயில் 14 பேருக்குக் கட்ட முடியாது. கட்டவும் வேண்டாம் என்கிறோம். ஐந்து பேருக்கு வாங்கினால் போதும். கவுண்டரில் உட்காரும் இருவருக்குத் தனித்தனி ஐடி. பதியலாம், அழிக்க முடியாது. பொருளாளர் பணக்கணக்கைப் பார்க்கலாம், உபயத் தேதியில் கை வைக்க முடியாது. மேல் அனுமதி செயலாளருக்கும் இன்னொருவருக்கும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், அவர் ஆஸ்பத்திரியில் படுத்த அன்றைக்குக் கோயிலே நின்றுவிடும். மற்றவர்கள் டிக்கெட் போட்டுக் கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. குருக்களுக்கு அன்றைய அர்ச்சனைப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதும், அவரும் அதைத்தான் விரும்புகிறார்.

பதவி முடிந்தால் அன்றைக்கே ஐடியை நிறுத்தணும். வருத்தப்படாதீங்க அண்ணே, பேங்க் கையெழுத்தை மாற்றினப்போ நீங்க வருத்தப்படலையே.

போன வாரம் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனோம். அம்மா தேத்தண்ணி கொடுத்தார், அதிகம் பேசவில்லை. பிள்ளைதான் கடைசியில், "அங்கிள், திரும்பி வந்தா என் பேர்லயே ஐடி கொடுப்பீங்களா?" என்று கேட்டது. நிர்வாகத்திடம் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஞாயிறு காலைப் பூஜை முடிந்து மண்டபத்தில் கூட்டம். ஸ்டோர்க்காரக் குடும்பங்களையும் அழைத்திருக்கிறோம். அவர்களுக்கு என்ன பதில் என்பதும், அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் என்பதும் அன்றைக்கே முடிவாகணும். பக்தர்கள் நீங்களும் அவசியம் வாங்க.