வாசகரும் ஒரு வாடிக்கையாளரே

சென்ற மாதம் கொக்கட்டிச்சோலைக் கடைத்தெருவில் தேநீர் அருந்திக் கொண்டிருந்தேன். அங்கே விவசாய மருந்துக் கடை ஒன்றை அண்மையில் திறந்திருக்கும் ஓர் இளைஞர் என்னருகில் வந்து அமர்ந்தார். தனது வாடிக்கையாளருக்காக மாதம் ஒரு தாள் எழுதி அச்சிட்டுக் கொடுக்கிறாராம். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எத்தனை நாளில் அடிக்க வேண்டும், எதனோடு எதைக் கலக்கக் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தார். வாசித்துப் பார்த்தேன். நல்ல எழுத்து, பயனுள்ள விடயம்.

"காக்கா, ஆயிரம் அடிச்சிச் சும்மா குடுத்தன். பத்துப் பேர் கூட வாசிச்ச மாதிரித் தெரியல்ல. ஆக்கள வாசிக்க வைக்க என்ன செய்யிற?" என்று கேட்டார்.

அன்பின் வாசகர்களே, இது அந்த இளைஞரின் கேள்வி மட்டுமல்ல. நம்மில் எழுதுகின்ற வியாபாரிகள் பலர் இருக்கிறார்கள். சொந்தக் காசில் கவிதைப் புத்தகம் போட்டவர்கள், ஊர் வரலாறு எழுதியவர்கள், சங்கத்தின் பெயரால் மலர் வெளியிட்டவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறார்கள். வெளியீட்டு விழாவுக்கு நம்மை அழைப்பார்கள். நாமும் போய், முதற் பிரதியை ஒரு பெருந்தொகை கொடுத்து வாங்கி, படம் எடுத்துக் கொண்டு வருவோம். நெஞ்சில் கை வைத்துச் சொல்வோமே, அப்படி வாங்கிய புத்தகங்களில் எத்தனையை நாம் திறந்து பார்த்தோம்? எழுதியவருக்கு அன்று கிடைத்தது ஒரு புரவலர்தான். வாசகர் கிடைக்கவில்லை.

அந்த இளைஞருக்கு நான் முதலில் சொன்ன பெயர் டொமினிக் ஜீவா.

யாழ்ப்பாணத்தில் 1927 இல் பிறந்தவர் அவர். குடும்பத் தொழில் சிகையலங்காரம். அந்த நிலையத்தில் வேலை செய்து கொண்டே கதை எழுதினார். அவரது முதல் சிறுகதைத் தொகுதியான 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' என்ற மாத இதழைத் தொடங்கினார். பணபலம் இல்லை, பெரிய கம்பனி பின்னால் இல்லை, சாதியின் பெயரால் அவரைக் கீழே வைத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆயினும் அந்த இதழ் 2012 வரை நின்றது. யுத்தம், தாள் தட்டுப்பாடு, இடப்பெயர்வு, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மாற வேண்டிய நிலை என எல்லாவற்றையும் தாண்டி 46 ஆண்டுகளில் சுமார் 400 இதழ்கள் வெளிவந்தன. 2021 ஜனவரியில் ஜீவா காலமானார். அந்த இதழ்கள் இன்று நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இது எப்படி நடந்தது? இலக்கியவாதிகள் இதற்கு இலக்கியக் காரணங்கள் சொல்வார்கள். நான் வியாபாரி. என் கண்ணுக்குப் பட்டது வேறு.

ஜீவா இதழை அச்சிட்டுவிட்டுக் கடைகளில் தொங்கவிட்டுக் காத்திருக்கவில்லை. தானே சுமந்து கொண்டு வீதி வீதியாகப் போனார். கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போனார். ஆளைப் பார்த்துக் கையில் கொடுத்தார். கொடுத்ததற்குக் காசு கேட்டார். கேட்பதற்கு அவர் வெட்கப்படவில்லை. காசு கொடுத்து வாங்கியவன் வீட்டுக்குப் போய் அதைத் திறந்து பார்ப்பான். கொடுத்த காசுக்குப் பெறுமதி உண்டா என்று பார்க்கவாவது திறப்பான். வாசிப்பின் முதற்படி அதுதான்.

இன்னொன்றும் செய்தார். இதழின் அட்டையில் எழுத்தாளர், கலைஞர் ஒருவரின் படத்தைப் போட்டு, உள்ளே அவரைப் பற்றிய கட்டுரையையும் வெளியிட்டார். அந்த முகங்களைப் பற்றிய கட்டுரைகள் பின்னர் நூல்களாகவே தொகுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து இதழாக இருந்தும் தென்னிலங்கை முஸ்லிம் எழுத்தாளர்களுக்கும் மலையக எழுத்தாளர்களுக்கும் இடம் கொடுத்தது. திக்குவல்லை கமால், மேமன்கவி போன்றோர் மல்லிகையோடு நெருங்கி நின்றவர்கள். தன் ஊரின் பெயரும், தன்னைப் போன்ற ஒருவரின் முகமும் வருகின்ற இதழை யார்தான் தேடி வாங்க மாட்டார்?

நமது சமூகத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1882 டிசம்பரில் கண்டியிலிருந்து சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த மாதமே எகிப்தின் ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். மக்கள் கடையிலும் பள்ளிவாசலிலும் உலக முஸ்லிம்களின் நிலையைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகளை ஆங்கிலம் படிக்க வைப்பதா இல்லையா என்று தடுமாறிக் கொண்டிருந்த காலமும் அதுவே. அவர்கள் பேசிக் கொண்டிருந்ததையே எடுத்து எழுதினார் அந்த வழக்கறிஞர். வாசகர் ஏற்கனவே மனதில் வைத்திருக்கும் கேள்விக்குப் பதில் எழுதினால் அவரைத் தேடிப் போகும் வேலை பாதியாகக் குறையும்.

இனி எனது கதைக்கு வருகிறேன்.

எனது வாப்பா 1970 களில் காத்தான்குடியிலிருந்து துணிப் பொதியோடு வந்து, மண்முனைத் துறையில் பாதையில் ஏறி, படுவான்கரைக்கு வியாபாரம் செய்யப் போனவர். திங்கட்கிழமை என்றால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்விடுவார். மழையென்றாலும் திங்கட்கிழமைதான். முதல் தடவை போகும் வீட்டில் துணியை விரிக்க மாட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்து, வேளாண்மை எப்படி என்று விசாரித்துவிட்டு வந்துவிடுவார். மூன்றாம் நான்காம் வாரத்தில் அவர்களே "பொதிய அவிழுங்க" என்பார்கள். காசு வெட்டுக்குப் பிறகு. கடன் கொப்பியில் எழுதியது பெரும்பாலும் திரும்பி வந்தது. வராததை அவர் ஊரெல்லாம் சொல்லித் திரியவுமில்லை.

1990 இல் இரு கரைகளும் ஒன்றையொன்று நம்ப முடியாத நிலை வந்தது. அந்தப் போக்குவரத்து அறுந்தது. 2007 க்குப் பின்னர் நான் மீண்டும் அந்தப் பக்கம் நெல் வாங்கவும் உரம் விற்கவும் போகத் தொடங்கியபோது, வாப்பாவின் பெயரைச் சொல்லித்தான் வாசலில் நிற்க முடிந்தது.

2011 இல் நானும் ஒரு தாள் தொடங்கினேன். இரண்டு பக்கம். மட்டக்களப்பு, ஏறாவூர், காத்தான்குடி ஆகிய இடங்களில் நெல் என்ன விலைக்குப் போகிறது, உரம் எப்போது வருகிறது, விதைநெல் யாரிடம் உண்டு என்பதோடு நாலு வரி ஊர்ப் புதினமும் இருக்கும். முதல் தடவை 500 பிரதி அடித்துச் சும்மா கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு கடையில் வடை வாங்கினேன். எனது தாளில்தான் சுற்றித் தந்தார்கள்! சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

அடுத்த மாதம் 60 பிரதி மட்டும் அடித்தேன். 5 ரூபா விலை போட்டேன். வாப்பாவைப் போல வீட்டுக்கு வீடு போனேன். "போன மாதத் தாளில் எது உதவியது, எது உதவவில்லை?" என்று கேட்டேன். அவர்கள் கேட்டதை அடுத்த மாதம் எழுதினேன். 60 மெல்ல மெல்ல 200 ஆகியது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டுப் பாதைச் சேவை தேவையற்றுப் போகும் வரை, பாதையில் வருபவர்களே அக்கரையிலிருந்து இக்கரைக்கும் அந்தத் தாளைக் கொண்டு வந்தார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரே தாளை வாசித்தார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் என்னை வழி தவற வைத்தது.

2013 பெரும்போக அறுவடை நேரம். நெல் விலை அடுத்த வாரம் விழப் போகிறது என்று ஒருவர் சொன்னார். விசாரித்துப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது. பார்க்கவில்லை. பெரிய எழுத்தில் முதற் பக்கத்தில் போட்டேன். பரபரப்பாக இருக்கும், தாள் ஓடும் என்று நினைத்தேன். ஓடியது. முதன்முறையாக இரண்டாம் தடவை அச்சடித்தேன்.

விலை விழவில்லை. இரண்டு வாரத்தில் ஏறியது.

படுவான்கரையில் வயதான ஒரு விவசாயி, வாப்பாவின் காலத்திலிருந்தே எங்களோடு பழக்கமானவர், தனது கடைக்கு வந்தது போல அமைதியாக எனது கடைக்கு வந்தார். "தம்பி, உங்கட தாளப் பாத்துத்தான் நெல்ல வித்தன். சண்ட புடிக்க வரல்ல. இனி எனக்குத் தாள் வேணாம் எண்டு சொல்லத்தான் வந்தன்" என்றார்.

அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த தாளில் அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில் எனது தவறை எழுதினேன். ஒரு மூலையில் சிறிதாக எழுதலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். பொய் பெரிய எழுத்தில் போயிருக்கும்போது உண்மை சிறிய எழுத்தில் போவது எந்த நியாயம்? நிறுவையில் மோசடி செய்பவனைப் பற்றி நாம் ஜும்ஆவில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். விசாரிக்காத செய்தியைக் காசுக்கு விற்பதும் நிறுவை குறைத்தல்தான். அன்று விலகியவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அந்தப் பெரியவர் வரவில்லை. அவரது மகன் இன்று எனது தாளை வாங்குகிறார். தகப்பன் இன்னும் வாங்கவில்லை.

வாசகரைக் கூட்டுவதற்குக் குறுக்கு வழிகள் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் எஸ்.எஸ்.வாசன் அவர்கள் 1928 இல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை வாங்கினார். அவர் விளம்பரத் துறையில் இருந்து வந்தவர், நம்மைப் போல வியாபாரம் தெரிந்தவர். குறுக்கெழுத்துப் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார். விற்பனை ஏறியது. பணம் கட்டிப் பரிசுக்கு நிற்கும் போட்டிகள் மார்க்க ரீதியில் நமக்குச் சந்தேகமானவை. அதை ஒருபுறம் வைத்து, வியாபாரமாக மட்டும் பார்த்தாலும் ஒரு விடயம் தெளிவு. பரிசு ஆளைக் கொண்டு வரும், ஆளை நிறுத்தி வைப்பது எழுத்து. விகடனில் நகைச்சுவையாக எழுதி வாசகரைக் கட்டிப் போட்டவர்களில் முதன்மையானவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. அவர் அங்கிருந்து விலகி 1941 இல் 'கல்கி' இதழைத் தொடங்கியபோது வாசகர்களும் பெருந்தொகையாக அவர் பின்னால் போனார்கள். பரிசுக்காக வந்தவன் பரிசு கிடைக்கும் அடுத்த கடைக்குப் போவான். எழுத்துக்காக வந்தவன் எழுதுபவனைத் தேடிப் போவான்.

எனவே அந்த இளைஞருக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தம்பி, ஆயிரத்தை மறந்துவிடுங்கள். உங்கள் கடன் கொப்பியை எடுத்து, அதில் இருக்கும் முப்பது பேரின் பெயரைத் தாளில் எழுதுங்கள். அந்த முப்பது பேரும் இந்த மாதம் வயலில் என்ன கஷ்டப்படுகிறார்கள் என்று கேளுங்கள். அதை எழுதுங்கள். சிறு விலை வையுங்கள். விலை வைக்க மனமில்லையென்றால் கேட்டு வருபவருக்கு மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே நாளில் கொடுங்கள். உங்கள் கடையில் இருக்கும் மருந்தை விற்பதற்காக அதை மட்டும் புகழ்ந்து எழுதாதீர்கள். மருந்து அடிக்கத் தேவையில்லாத பூச்சியென்றால் தேவையில்லை என்றே எழுதுங்கள். அன்று ஒரு போத்தல் விற்பனை குறையும், ஆனால் அந்த மனிதன் அடுத்த தாளை எதிர்பார்ப்பான்.

இன்று கைபேசியில் ஒரு விரலைத் தட்டினால் ஆயிரம் பேருக்குப் போய்விடும். அனுப்புங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்ததெல்லாம் வாசிக்கப்பட்டதல்ல. கடைக்குள் வந்து போனவரெல்லாம் வாடிக்கையாளரல்ல என்பது நமக்குத் தெரியாததா? திரும்பி வருபவர்தான் வாடிக்கையாளர். ஒரு மாதம் தாள் வராவிட்டால் "ஏன் வரல்ல?" என்று கேட்பவர்தான் வாசகர்.

அந்த இளைஞர் விடைபெறும்போது, அடுத்த மாதம் நாற்பது பிரதி மட்டுமே அடிக்கப் போவதாகச் சொன்னார். நாற்பத்தோராவது ஆளாக என்னையும் எழுதிக் கொள்ளச் சொல்லி, காசை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். சும்மா தந்தால் நானும் வாசிக்க மாட்டேன் அல்லவா?