குணமடையாதவருக்கும் இடம் உள்ள நன்றி

திருச்சபை வாழ்வில் நன்றிக்குத் தனி இடம் உண்டு. ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கைகள் வாசிக்கப்படும்போது, பிறந்தநாள், திருமணநாள், புதுவீடு, தேர்வில் வெற்றி, நோயிலிருந்து கிடைத்த சுகம் என ஒவ்வொரு குடும்பத்தின் மகிழ்ச்சியும் சபை முழுவதற்கும் உரியதாகிறது. அறுப்பின் பண்டிகை நாளில் நெல்லும் வாழைத்தாரும் பூசணியும் ஆலயத்திற்கு வந்து சேர்கின்றன. பிறர் பெற்ற நன்மைக்காகத் தானும் மகிழக் கற்பிக்கும் இம்மரபை நாம் மதிக்கிறோம்.

எனினும் அந்தப் பட்டியலில் இரு சாரார் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஒரு சாரார், இன்னும் குணமடையாதவர்கள். மற்றொரு சாரார், அவர்களை இரவும் பகலும் பராமரிப்பவர்கள். சுகம் கிடைத்த பிறகே சாட்சி சொல்லலாம் என்ற எண்ணம் சபையில் வேரூன்றிவிட்டால், நெடுநாள் நோயாளிக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடும். வாரந்தோறும் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் எந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்பார்?

இதனால் விளையும் தீங்கு சிறியதன்று. வலியைச் சொன்னால் விசுவாசக் குறைவு என்று கருதப்படுமோ என அஞ்சி, சிலர் அதைப் பார்க்க வருவோரிடம் மறைக்கிறார்கள். நாளடைவில் மருத்துவரிடமும் மறைக்கிறார்கள். முழுச் சுகம் பெற்றதாகச் சாட்சி சொல்லும் ஆவலில் மாத்திரையை நிறுத்திவிடும் ஆபத்தும் உண்டு. காசநோய்க்கான சிகிச்சை வழக்கமாக ஆறு மாத காலம் நீடிக்கிறது. இருமல் நின்றுவிட்டது என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும், மருந்துக்குக் கட்டுப்படாத வடிவிலும் வரக்கூடும். வலிப்பு நோய்க்கான மருந்தைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்தானது. மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டபடியே கடவுளுக்கு நன்றி சொல்வதில் எந்த முரண்பாடும் இல்லை என்பதே நமது கருத்து.

வேதாகமமும் நன்றியைச் சுகத்தின் விலையாக வைக்கவில்லை. லூக்கா நற்செய்தியில் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் சமாரியர் ஒருவரே. மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். ஆனால் அவர்கள் பெற்ற சுகம் திரும்பப் பறிக்கப்பட்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. நன்றி தானாகச் சுரக்க வேண்டியது. படுக்கையில் இருப்பவரிடம் அதைக் கடனைப்போல் கேட்டு வாங்குவது ஊக்கப்படுத்துதல் ஆகாது.

பராமரிப்போருக்கு நன்றி சொல்வது எப்படி என்பதற்குப் பவுலின் நிருபங்களே நல்ல முன்மாதிரி. பிலிப்பி சபையார் சிறையிலிருந்த பவுலுக்குப் பணிவிடை செய்ய எப்பாப்பிரோதீத்து என்பவரை அனுப்பினார்கள். உதவ வந்தவரே நோயுற்று மரணத்தருகே சென்றார். தாம் நோயுற்ற செய்தி ஊரில் தெரிந்துவிட்டதே என்பதும் அவருக்கு வேதனையாயிற்று. அவர் பிழைத்தபின், அவரைத் திருப்பி அனுப்பும் பவுல், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு மதிப்பளிக்கும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறார். அவர் இறந்திருந்தால் தமக்கு எவ்வளவு துக்கம் நேர்ந்திருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பவுல் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். ரூபு என்பவரின் தாய் தமக்கும் தாயாக இருந்ததை அங்கே நினைவுகூர்கிறார். பராமரித்தவருக்கு இவ்வாறு பெயரும் நன்றியும் ஒருங்கே கிடைத்தன.

ஆகவே சபையாரிடம் சிலவற்றை வேண்டுகிறோம். நோயாளியைக் காண வரும்போது குறைந்த நேரமே இருங்கள். கைகளைக் கழுவிக்கொண்டு வாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் வராதிருங்கள். ஜெபிக்கலாமா என்று முதலில் கேளுங்கள். இதே நோயால் மறைந்த உறவினரின் கதையைச் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவருடன் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தபோது நல்ல நண்பர்களாயிருந்தார்கள். துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கியபோதே அவருக்குப் பாரமானார்கள்.

முதல் வாரத்தில் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். மூன்றாம் மாதத்தில் யாரும் இருப்பதில்லை. உதவியைப் பங்கிட்டுக்கொண்டால் இக்குறை தீரும். ஒரு குடும்பம் செவ்வாய்க்கிழமை சோறு கொண்டுவரலாம். மற்றொருவர் இரண்டு மணி நேரம் கட்டிலருகே இருந்து, பராமரிப்பவரை உறங்க விடலாம். இரத்த தானத்திற்கும் இது பொருந்தும். பிரித்தெடுத்த தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாள் மட்டுமே சேமிக்க முடியும்; எனவே ஒரே நாளில் சபை முழுவதும் கொடுப்பதைக் காட்டிலும், இரத்த வங்கியைக் கேட்டு முறைவைத்துக் கொடுப்பது மிகுந்த பயன் தரும். முழு இரத்தத்தை ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். இதுவும் ஒரு ஸ்தோத்திர காணிக்கையே.

நோயாளிகளாகிய உங்களுக்கு ஒரு சொல். வருவோருக்காகப் புன்னகை செய்ய வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "இன்று வலிக்கிறது, பேச இயலவில்லை" என்று சொல்வது நன்றிகெட்ட தன்மை அன்று. சங்கீதப் புத்தகத்தில் புகழ்ச்சிப் பாடல்களோடு முறையீட்டுப் பாடல்களும் ஏராளமாக உள்ளன. அவை இரண்டையும் சபை வழிபாட்டில் பாடியே வந்திருக்கிறது. நன்றி சொல்லத் தோன்றும் நாளில், அது ஒரு மணி நேர உறக்கத்துக்காகவோ ஒரு வாய்க் கஞ்சிக்காகவோ இருந்தாலும், அது முழுமையான நன்றியே.

பராமரிப்போரே, உதவி வேண்டுமா என்று யாரேனும் கேட்டால், "வேண்டாம், பார்த்துக்கொள்கிறோம்" என்று உடனே மறுக்காதீர்கள். தேவையான ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மருந்து வாங்கி வருவதாயினும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதாயினும், செய்ய விரும்பிச் செய்வதறியாது நிற்பவர்கள் பலர் உண்டு.

உங்கள் ஆயரிடமும் சபை மூப்பர்களிடமும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை ஸ்தோத்திர காணிக்கைகள் வாசிக்கப்படும்போது, சுகம் பெற்றோரின் பெயர்களை அடுத்து, சிகிச்சையில் இருப்போரின் பெயர்களும் அவர்களைப் பராமரிப்போரின் பெயர்களும், அவரவர் சம்மதம் பெற்று, நோயின் விவரம் இன்றி வாசிக்கப்படட்டும். இவர்கள் நம்மோடு இருப்பதற்காக நன்றி என்று சபை சொல்லட்டும். அதற்கு அரை நிமிடமே ஆகும்.