நான்கு எழுத்தும் எட்டு அலகும்

கிண்ணியா என்ற பெயரில் எத்தனை எழுத்து? முதலாந்தரத்துப் பிள்ளைகூட விரல் மடித்து நான்கு என்று சொல்லிவிடும். பைதான் மொழியில் நீளத்தைக் கேட்டால் எட்டு என்று விடை வருகிறது. க ஓர் அலகு, அதன் கொக்கி இன்னோர் அலகு என்று பிரித்துப் பதிவதுதான் யூனிகோட் முறை. அதே பெயரை யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் 24 பைட் பிடிக்கும். கொழும்புக்கும் இதே கணக்குத்தான்.

உயர்தரத்தில் தமிழ் மொழிமூலம் தகவல் தொழினுட்பம் படித்து, கிண்ணியாப் பாலம் தாண்டிக் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலப் போகும் பிள்ளை நிரல் எழுத எந்த எடிட்டரைத் தேர்வது என்ற கேள்விக்கு விடையை இந்தக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

உலகம் வேறிடத்தில் தொடங்கியது. வீஐ, ஈமேக்ஸ் என்ற எடிட்டர்கள் இரண்டும் 1976இல் பிறந்தவை. எது சிறந்தது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. விரல்கள் எந்த விசைக்குப் பழக வேண்டும் என்பதே அந்த வழக்கின் சாரம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு அது போதும்.

நிரலுக்குள் தமிழில் குறிப்பெழுதுபவருக்குப் போதாது. வீஐயின் வாரிசான விம் பெரும்பாலும் டெர்மினலில் ஓடுகிறது. டெர்மினல் திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரிக்கிறது. கொழும்பின் முதலெழுத்தில் உயிர்க்குறி ஓர் அலகுதான். திரையிலோ க-வுக்கு இருபுறமும் நிற்க வேண்டும். பல டெர்மினல்களில் குறி விலகுகிறது, கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கிறது. விஷுவல் ஸ்டூடியோ கோட், நோட்பேட் பிளஸ் பிளஸ், பைதானோடு வரும் ஐடில் போன்ற சாளர எடிட்டர்களில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு. தன் நிரல் என்ன செய்கிறது என்பதைத் தன் மொழியில் அருகிலேயே எழுதிவைக்கும் மாணவருக்கு ஆறு மாதம் கழித்தும் அந்த நிரல் புரியும். அதனால் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதைச் சிறிய விடயமாகத் தள்ளிவிட முடியாது.

அடுத்தது கணினியின் வலு. 2015இல் வந்த விஷுவல் ஸ்டூடியோ கோட் தனக்குள் ஒரு பிரௌசரின் எஞ்சினையே சுமக்கிறது. பழைய மடிகணினி அதற்கு மூச்சு வாங்கும். அங்கே ஐடில் போதும்.

பெரிய நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்புவதும் சரியல்ல. கிட்ஹப் 2014இல் வெளியிட்ட ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பர் 15 அன்று நிறுத்தப்பட்டது. நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம், 2023இல் அவர் மறைந்த பின்னும் தொண்டர்கள் கையில் வளர்கிறது.  சாளர எடிட்டரில் கை தேர்ந்த பிறகு விம்மையும் பழகுவது நல்லது; தூரத்துச் சேவையகங்களில் பல வேளை அதுதான் கைகொடுக்கும்.

தேர்வதற்கு ஐந்து நிமிடச் சோதனை போதும். புதிய கோப்பில் கிண்ணியா, கொழும்பு என்று எழுதி, அம்பு விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து, நடுவில் ஒன்றை அழித்து, சேமித்து, மூடி, மறுபடி திறந்து பார்க்க வேண்டும். எழுத்து சிதையாமல், கர்சர் விலகாமல் இருந்தால் அந்த எடிட்டரைத் தேரலாம்.